வீட்டுக்குள் ஹைட்ரோபோனிக் தோட்டம்: பெட்டி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் இரண்டாம் மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். இருக்கும் ஒரே பால்கனி மேற்குப் பார்த்தது, அதிலும் பாதி இடத்தைத் துணி காயப்போடும் கொடி எடுத்துக்கொண்டது. வீட்டுக்குள்ளேயே ஹைட்ரோபோனிக் முறையில், அதாவது மண் இல்லாமல் உரம் கரைத்த தண்ணீரில், லெட்டூஸும் கொத்தமல்லியும் வளர்க்கலாம் என்று ஆசைப்பட்டு, போன வருடம் ஏப்ரலில் செடி வைக்க 12 துளை உள்ள ஒரு பெட்டியை 6,800 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். ஆறே வாரத்தில் எல்லாச் செடியும் போய்விட்டது. மூடியைத் திறந்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, விரலில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. சாக்கடை நாற்றம்.

அதற்கப்புறம் மூன்று முறை மாற்றிப் போட்டுப் பார்த்து, இப்போது வாரம் இரண்டு நாள் சாலட்டுக்கும் தினசரி ரசத்துக்கும் சட்னிக்கும் இலை கிடைக்கிறது. கெட்டது விதையோ உரமோ அல்ல. நான் துளைகளை எண்ணித்தான் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். பார்த்திருக்க வேண்டியது மூன்று விஷயம்: தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும், விளக்கை எவ்வளவு உயர்த்தலாம், அதை வைக்கப்போகும் அறை எவ்வளவு சூடு. நீங்கள் இப்போது வாங்கும் யோசனையில் இருந்தால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். பணம் கொடுப்பது ஐந்தாவது படிக்கு மேல்தான் வரும்.

1. முதலில் எந்த இலை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பொரியலுக்கான கீரையை மேசை மேல் வைக்கும் பெட்டியில் எடுக்க முடியாது. 12 துளையிலும் அரைக்கீரை போட்டாலும் ஒரு கட்டு தேறாது. அதே கட்டு தெருமுனைக் கடையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்காக விளக்கு எரிப்பது நஷ்டம்.

கட்டுப்படியாகும் இலைகள் வேறு. லெட்டூஸ், பேசில் (இத்தாலியத் துளசி), பாக் சோய் (ஒரு சீனக் கீரை) போன்றவை கடையில் விலை அதிகம், வாங்கி இரண்டு நாளில் வாடியும் விடுகின்றன. கொத்தமல்லி, புதினா போன்றவை கொஞ்சம்தான் தேவை, ஆனால் தினமும் தேவை. இந்த இரண்டு வகைக்கும்தான் வீட்டுக்குள் வளர்ப்பது சரியாக வரும்.

எங்கள் ஊர் வெயிலுக்கு இதையும் ஒரு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். லெட்டூஸ், பாக் சோய், கொத்தமல்லி மூன்றும் குளிர்ச்சி விரும்பிகள்; ஏசி இல்லாத அறையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நன்றாக வரும். மார்ச்சுக்குப் பிறகு லெட்டூஸ் நெடுநெடுவென்று தண்டு விட்டு, இலை கசந்துவிடும். கோடைக்கு வள்ளல் கீரை, பசலை, தண்டுக்கீரை, பேசில், புதினா இவற்றை வையுங்கள். வள்ளல் கீரைக்கு வெக்கை ஒரு பொருட்டே இல்லை.

புதினாவை மட்டும் மற்றவற்றோடு ஒரே தொட்டியில் சேர்க்காதீர்கள். இரண்டே மாதத்தில் அதன் வேர் தொட்டி முழுக்கப் பரவி, பக்கத்துச் செடியின் வேரோடு பின்னிக்கொள்ளும். அதற்குத் தனி டப்பா.

2. இடத்தை மூன்று நாள் அளந்து பாருங்கள்

இதற்கு ஒரு சாதாரண அறை வெப்பமானியும் கைபேசியும் போதும்.

வெப்பம்: மதியம் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் அந்த இடத்தின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேர் நிற்கும் தண்ணீர் 18 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 28 தாண்டினால் ஆபத்து. காரணம் எளிது: தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும்; 30 டிகிரியில் ஏழரைதான். வேருக்கு மூச்சு முட்டும் நேரத்தில் அழுகல் பூஞ்சை உள்ளே வந்துவிடும். என் முதல் பெட்டி ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், அதன் சூடான காற்று படும் இடத்தில் இருந்தது. அடுப்பு, ஃபிரிட்ஜ், டிவிக்குப் பின்புறம், மேற்குச் சுவர் இந்த நான்கையும் தவிர்த்துவிடுங்கள்.

வெளிச்சம்: கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இலவசமாகக் கிடைக்கும். துல்லியமாக இருக்காது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் ஹாலில்கூட 300 அல்லது 500 லக்ஸ்தான் காட்டும். இலைச் செடிக்கு இலை மட்டத்தில் 10,000 லக்ஸாவது வேண்டும், 15,000 இருந்தால் இன்னும் நல்லது. ஜன்னல் ஓரம் வைத்தால் போதும் என்று யார் சொன்னாலும், மதியம் மட்டும் அளக்காமல் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் எந்த ஜன்னலும் தேறவில்லை. விளக்கு கட்டாயம் ஆனது.

எடை: 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ. கண்ணாடி அலமாரியிலும், சுவரில் ஆணி அடித்த பலகையிலும் வைக்க வேண்டாம்.

பிளக் பாயின்ட் தண்ணீர்த் தொட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். கீழேதான் இருக்கிறது என்றால், ஒயரைத் தரையை நோக்கித் தொங்கவிட்டு, பிறகு மேலேறி பிளக்குக்குப் போகும்படி வையுங்கள். ஒயர் வழியாக வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

3. எந்த வகை என்று தேர்ந்தெடுங்கள்

கடையில் பல பெயர் சொல்வார்கள். வீட்டுக்குள் வைக்க நான்கு வகைதான்.

மோட்டாரே இல்லாத தொட்டி. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி சொல்லிக்கொடுத்த முறை என்பதால் கிராட்கி முறை என்பார்கள். மூடி போட்ட தொட்டியில் உரக் கரைசல், மூடியில் துளை, துளையில் செடி, அவ்வளவுதான். செடி குடிக்கக் குடிக்க நீர் இறங்கும். இறங்கிய இடத்தில் தொங்கும் வேர் காற்றில் மூச்சு விடும். கரண்டு போனாலும் கவலை இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

காற்றுக் குமிழி விடும் தொட்டி. மேலே சொன்னதோடு மீன் தொட்டிக்குப் போடும் ஏர் பம்ப் சேர்ந்தது. கோடையில் இது உதவும். இரவில் சன்னமாக ஒரு ரீங்காரம் இருக்கும்; படுக்கையறையில் வேண்டாம்.

விளக்கோடு வரும் மேசைப் பெட்டி. பார்க்க அழகு, பரிசளிக்க நல்லது. 3,500 முதல் 12,000 ரூபாய் வரை இருக்கிறது. பெரும்பாலானவற்றில் தொட்டி 3 முதல் 5 லிட்டர்தான்.

குழாயில் நீர் ஓடும் அமைப்பு. படத்தில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். குழாயில் மெல்லிய நீரோட்டம் மட்டுமே இருப்பதால், மே மாதத்தில் மோட்டார் சில மணி நேரம் நின்றாலே செடி துவண்டுவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் முதல் அமைப்பாக இதை வாங்க வேண்டாம்.

4. மேசைப் பெட்டிதான் வேண்டும் என்றால் அட்டைப்பெட்டியில் இதைப் பாருங்கள்

லிட்டரைத் துளையால் வகுத்துப் பாருங்கள். ஒரு லெட்டூஸ் முழுதாக வளர்ந்து முடிக்க ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் குடிக்கும். என் பெட்டியில் 12 துளைக்கு 4 லிட்டர். ஒரு செடிக்கு அரை லிட்டர்கூட இல்லாத கணக்கு. செடி பெரிதானதும் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் உரத்தின் அளவு தாறுமாறாக மாறியது. அப்படிப்பட்ட பெட்டிதான் கிடைக்கிறது என்றால் ஐந்து துளையில் மட்டும் செடி வைத்து, மீதியை மூடிவிடுங்கள்.

விளக்கு எவ்வளவு உயரும் என்று பாருங்கள். பேசில் 40 செ.மீ. தாண்டும். 25 செ.மீ.யோடு நிற்கும் கம்பியில் இலை நுனி கருகும்.

வாட் எவ்வளவு என்று பாருங்கள். ‘100 எல்இடி’ என்று மணி எண்ணிக்கை போட்டிருப்பதற்கு அர்த்தமில்லை. அடாப்டரில் வோல்ட்டும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் அது தரக்கூடிய அதிகபட்ச வாட். விளக்கு அதற்கு மேல் போக முடியாது. 24 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் 24 வாட். ஊதா நிற வெளிச்சம் தேவையில்லை, வெள்ளை எல்இடியே செடிக்குப் போதும். ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதும் புள்ளி விழுவதும் கண்ணுக்குத் தெரியாது என்பது பெரிய இடைஞ்சல்.

துளையில் செருகும் விதைப் பொதி (விதை வைத்து வரும் சின்ன உறை) எதைப் போட்டாலும் ஏற்குமா என்று கேளுங்கள். சில நிறுவனங்களின் பெட்டியில் அவர்களுடைய பொதி மட்டும்தான் பொருந்தும். இப்படிப்பட்ட பெட்டிகளை விற்ற அமெரிக்காவின் ஏரோகார்டன் நிறுவனம் 2024 இறுதியில் கடையை மூடுவதாக அறிவித்தபோது, அந்தப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு இனி பொதிக்கு எங்கே போவது என்ற கவலை வந்தது. சாதாரண 2 அங்குல நெட் பாட் (வேர் வெளியே வர வலை போலத் துளையுள்ள சின்னக் கிண்ணம்) பொருந்தும் பெட்டியாக இருந்தால் அந்தக் கவலையே இல்லை.

கடைசியாக, உட்புறம் கை விட்டுக் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். மூலைகள் குறுகலாக இருந்தால் பாசி போகாது.

5. தண்ணீரைச் சோதியுங்கள்

இதை விட்டுவிட்டுப் பெட்டி வாங்கியவர்கள்தான் அதிகம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கி வீட்டில் வரும் எல்லாத் தண்ணீரையும் அளந்து பாருங்கள். எங்கள் போர் தண்ணீர் 1,150 காட்டியது. ஆர்ஓ தண்ணீர் 60. லெட்டூஸுக்கு உரம் கலந்த பிறகே 600 முதல் 800 வரைதான் வேண்டும் என்னும்போது, 1,150 உள்ள தண்ணீரில் உரம் சேர்க்க இடமே இல்லை.

200-க்குக் கீழே உள்ள தண்ணீர் எதுவானாலும் சரி. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அதில் உப்பு இன்னும் கூடியிருக்கும், கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் இருந்தால் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கிட் 250 ரூபாய். புதியவர்களுக்கு மின்னணு மீட்டரைவிட இதுதான் நம்பகம், ஏனென்றால் மலிவான மீட்டரை அடிக்கடி சரிபார்த்துத் திருத்த வேண்டும். பிஎச் கூடினால் குறைக்க அதற்கென்று விற்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எலுமிச்சைச் சாறு அன்றைக்குக் குறைக்கும், இரண்டு நாளில் பழையபடி ஏறிவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம்.

உரம் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வரும். அப்படிப் பிரித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றில் கால்சியம், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். நேரம் மிச்சம் என்று நினைத்து இரண்டையும் ஒரே டம்ளரில் ஊற்றிக் கலக்கினேன். கண் முன்னாலேயே பால் போல வெளுத்து, அடியில் சுண்ணாம்பாக இறங்கிவிட்டது. அது மறுபடி கரையாது, செடிக்கும் போய்ச் சேராது. முதலில் தொட்டி நிறையத் தண்ணீர், அதில் ஏ ஊற்றி நன்றாகக் கலக்கி, பிறகு பி. பிஎச் பார்ப்பது கடைசியில். நாற்றாக இருக்கும்போது பாட்டிலில் சொன்ன அளவில் பாதி போதும்.

6. செலவைக் கூட்டிப் பாருங்கள்

நானே சேர்த்துக்கொண்ட ஆறு செடித் தொட்டிக்கு ஆன செலவு இது: மூடியுள்ள கறுப்பு 20 லிட்டர் டப்பா 450, பத்து நெட் பாட் 80, நெட் பாட்டில் நிரப்பக் களிமண் உருண்டை ஒரு கிலோ 150, உரம் ஏயும் பியும் அரை லிட்டர் வீதம் 500, டிடிஎஸ் மீட்டர் 300, பிஎச் கிட் 250, பிஎச் குறைப்பான் 150, 20 வாட் எல்இடி பட்டை விளக்கு இரண்டு 560, டைமர் 400, விதை 200. மொத்தம் 3,040 ரூபாய். மூடியில் துளை போட ஒரு சூடான இரும்பு டம்ளர் போதுமானதாக இருந்தது. பிளாஸ்டிக் புகை வரும், மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள்.

இரண்டு விளக்கையும் இலைக்கு 15 செ.மீ. மேலே பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டால் 10,000 லக்ஸ் அளவுக்கு வருகிறது. 40 வாட், தினம் 16 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 38 யூனிட். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் தமிழ்நாட்டில் இரு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளுக்கும் சேர்த்து விலை கூடிவிடும். உங்கள் பில் ஏற்கெனவே 470, 480 என்று வருகிறதா? அப்படியானால் விளக்கு போடும் முன் பழைய பில் நான்கை எடுத்துப் பாருங்கள். கோடையில் ஏசியோடு சேரும்போதுதான் இது வலிக்கும்.

தொடர்செலவு என்று பார்த்தால் உரம்தான். அரை லிட்டர் ஜோடி எனக்கு ஏழெட்டு மாதம் வருகிறது.

7. காகிதங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

என் முதல் பெட்டியின் அடாப்டர் ஐந்தாவது வாரத்தில் செத்துப்போனது. உத்தரவாதம் ஒரு வருடம் என்று அட்டையில் இருந்தது. பெட்டி நிறுவனத்திடம் கேட்டால், பில்லில் உள்ள விற்பனையாளர் எங்கள் அங்கீகாரம் பெற்றவர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் வாங்கும் பொத்தானை அழுத்தும் முன் இவற்றைப் பாருங்கள்.

விற்பனையாளர் பெயரும் உத்தரவாதம் தருபவர் பெயரும் பொருந்துகிறதா என்பது முதலாவது. பொருந்தாவிட்டால், இந்த விற்பனையாளரிடம் வாங்கினால் உத்தரவாதம் உண்டா என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பில்லில் பெட்டியின் மாடல் பெயர் சரியாக இருக்க வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் 7 அல்லது 10 நாள்தான். எனவே வந்த அன்றே தண்ணீர் ஊற்றி, மோட்டாரையும் விளக்கையும் 24 மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். விதை முளைக்கட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துவிடுங்கள்.

அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நாளுக்கு 16 மணி நேரம், தண்ணீருக்குப் பக்கத்தில், ஆள் இல்லாத வீட்டிலும் எரியப்போகும் பொருள் அது.

விதைப் பொட்டலத்தில் முளைப்புத்திறன் சதவீதமும் சோதித்த தேதியும் செல்லுபடியாகும் தேதியும் அச்சாகியிருக்க வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியது போல இருந்தால் அது பூஞ்சைக்கொல்லி கலந்தது. முளைவிட்ட இளங்குருத்தைச் சாப்பிடும் மைக்ரோகிரீனுக்கு அதைப் போடவே கூடாது. குழந்தைகள் உள்ள வீடென்றால் வாங்காமலேயே இருங்கள்.

வாடகை வீடாக இருந்தால் தண்ணீர் கசிந்தால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மரத்தரை அல்லது மர அலமாரி என்றால் அடியில் ஒரு அகலத் தட்டு கட்டாயம்.

8. முதல் நாற்பது நாள்

நாள் 1. நனைத்த டிஷ்யூ காகிதத்தில் லெட்டூஸ் விதையைப் பரப்பி மூடி வையுங்கள். அறை 28 டிகிரிக்கு மேல் இருந்தால் பல விதை முளைக்காமல் தூங்கும். ஏசி அறையிலோ, ஒரு நாள் ஃபிரிட்ஜ் கதவிலோ வைத்து எடுங்கள். மல்லி விதையை உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறப்போடுங்கள். மல்லி முளைக்க 7 முதல் 10 நாள் ஆகும், கெட்டுவிட்டது என்று அதற்குள் கொட்டிவிடாதீர்கள். புதினாவுக்கு விதை வேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டு நான்கை எடுத்து, கீழ் இலையைக் கிள்ளி, ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் வேர் விடும். அந்த ஒரு வாரமும் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளியே இருக்கட்டும், கடைக் கட்டோடு அசுவினிப் பூச்சி வந்துசேரும்.

நாள் 4 முதல் 12. முளைத்தவற்றை நனைத்த தென்னை நார்க் கட்டியில் வைத்து விளக்கின் கீழே கொண்டுவாருங்கள். தாமதித்தால் தண்டு நூல் போல நீண்டு சாய்ந்துவிடும், பிறகு நிமிராது.

நாள் 12 முதல் 15. முளைக்கும்போது வரும் வித்திலைகளுக்குப் பிறகு இரண்டு உண்மையான இலை வந்ததும் நெட் பாட்டுக்கு மாற்றுங்கள். கரைசல் நெட் பாட்டின் அடியை ஒரு செ.மீ. தொடும்படி இருக்கட்டும்.

அதற்குப் பிறகு நீர்மட்டம் இறங்கும். இறங்குகிறதே என்று மறுபடி விளிம்புவரை நிரப்புவதுதான் கிராட்கி தொட்டியில் நடக்கும் பெரிய தவறு. காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிச் செத்துவிடும். கால்வாசிக்குக் கீழே போனால் மட்டும், பாதி அளவுவரை ஊற்றுங்கள்.

தொட்டிக்குள் வெளிச்சம் போகக்கூடாது, போனால் பாசி. கொசுவும் போகக்கூடாது. டெங்கு கொசு முட்டையிடுவது இப்படி வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீரில்தான். செடி இல்லாத துளைகளை டேப் ஒட்டி மூடுங்கள், நெட் பாட்டைச் சுற்றி இடைவெளி இருந்தால் பஞ்சு வைத்து அடையுங்கள். வாரம் ஒருநாள் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். வேர் வெள்ளையாக, தண்ணீர் வாசமில்லாமல் இருந்தால் தொட வேண்டியதே இல்லை.

நாள் 30 வாக்கில் லெட்டூஸின் வெளி இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளத் தொடங்கலாம். நடுக்குருத்தை விட்டுவிட்டால் இன்னும் மூன்று நான்கு வாரம் தரும். மல்லி 40 நாளில் தயார். செடி முடிந்ததும் மிச்சக் கரைசலைப் பால்கனித் தொட்டிச் செடிகளுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றிவிட்டு, டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒருநாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அடுத்த லெட்டூஸ் விதையை அதற்குப் பத்து நாள் முன்பே முளைக்கப் போட்டிருந்தால் விளக்கு ஒருநாளும் சும்மா எரியாது.